கை நிற்கும் இடம்

கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர் தென்கச்சி கோ. சுவாமிநாதனைப் பற்றி எதையோ ஆரம்பித்தார். வானொலியில் அவர் சொல்லிவந்த 'இன்று ஒரு தகவல்' என்றதும் எங்கள் வயதுக்காரர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது வந்தது. ஆளுக்கொரு ஞாபகம் சொன்னோம். கூட வந்திருந்த நண்பன் மட்டும் அப்பளத்தை நொறுக்கியபடி, "சும்மா இருங்கப்பா. ரேடியோவை எவன் கேட்டான்? அது பாட்டுக்கு ஓடிச்சு, நாம பாட்டுக்கு வேலையைப் பார்த்தோம். இப்ப என்னமோ உட்கார்ந்து ரசிச்சுக் கேட்ட மாதிரி அளக்கிறீங்க" என்றான். பாயசம் வந்துவிட்டது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எனக்குப் போகவில்லை. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், தென்கச்சியார் சொன்ன அத்தனை தகவல்களில் எனக்கு முழுசாக நினைவிருப்பது இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று அவர் சொல்லிக் கேட்டதா, பிற்பாடு புத்தகத்தில் படித்ததா என்று சந்தேகம். மறக்காமல் இருப்பது அந்தக் குரல்தான். எதற்கும் அவசரப்படாத, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே பேசுகிற மாதிரியான குரல். கேட்கிறவன் சிரிக்கிற இடத்தில் தான் சிரிக்காத குரல். அப்புறம் அந்தக் குரல் ஒலித்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் நன்றாக நினைவிருக்கிறது. சட்டைப் பொத்தானை ஒரு கையால் போட்டுக்கொண்டு, சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று இன்னொரு கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். தகவல் எங்கே போனதென்று தெரியவில்லை. டயர் மட்டும் நிற்கிறது.

அப்படியானால் அவன் சொன்னதுதான் சரியா? பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் கேட்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேனா?

முதலில் எனக்கு வக்கீல் புத்திதான் வந்தது. அவனை மடக்க ஓர் ஆதாரம் வேண்டும். அதைத் தேடிப் போகவே வேண்டியதில்லை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் வயதானவர்கள் பலருக்கும் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. அறுபதுகளில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. விவசாயிகள் விதை கேட்டுப் போனபோது அந்த எழுத்தும் எண்ணும் அவர்கள் வாயில் வரவில்லை. 'ரேடியோ நெல்' என்றுதான் கேட்டார்கள். அந்தப் பெயரே அதற்கு நிலைத்தும்விட்டது. காதில் சும்மா விழுந்துகொண்டிருந்த ஒன்றை நம்பி எவனாவது ஒரு போகத்தைப் பணயம் வைப்பானா? இதை அப்படியே தட்டச்சு செய்து நண்பனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "அவங்க விவசாயிங்க, கேட்டிருப்பாங்க. நீ எந்த நெல்லை விதைச்ச?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு நாள்

சரி, ஒரு நாள் உட்கார்ந்து கேட்டே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். காலையில் ஒலிபரப்பு தொடங்குவதிலிருந்து இரவு நிகழ்ச்சிகள் நிறைவடையும்வரை, வேறெந்த வேலையும் செய்யாமல், நம் ஊர் வானொலி மட்டும். ஒரு வார நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று நினைத்தேன். ஒலிச்சித்திரம், நேயர் விருப்பம் என்று பழைய ஞாபகங்களெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும், தீர்ப்பு கெட்டுவிடும். பிரசார் பாரதியின் செயலியைத் திறந்து, காதில் இயர்போனை மாட்டி, மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து 5.55-க்குத் தயாராக உட்கார்ந்தேன். பரீட்சை எழுதப் போகிறவனைப் போலக் குளித்துவிட்டு வேறு உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலில் அந்த முகப்பு இசை வந்தது. தம்புராவின் மேல் வயலின் ஏறி இறங்கும் அந்த மெட்டு. அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டிலுள்ள கார்ல்ஸ்பாட்டில் பிறந்த யூதர். ஹிட்லருக்குப் பயந்து 1934-ல் பம்பாய் வந்து சேர்ந்து, பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அந்த மெட்டில் சிவரஞ்சனி ராகத்தின் சாயல் இருக்கிறது என்பார்கள். நாடு இல்லாமல் வந்த ஒரு மனிதர் போட்ட மெட்டு இந்த நாட்டின் விடியற்காலைச் சத்தமாக ஆகிப்போனது. இதில் என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. கோடிக்கணக்கான பேருக்கு நோட்டுப் பிசகாமல் தெரிந்த அந்த மெட்டை, கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? பால்காரர் வருகிற நேரம், பாதித் தூக்கம், பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த சத்தம். நானே அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதை 'கேட்டேன்'. நன்றாக இருந்தது. ஆனால் தெரிந்த முகத்தை பாஸ்போர்ட் புகைப்படத்தில் பார்த்ததுபோல இருந்தது.

வந்தே மாதரம் போய், மங்கள இசையாக நாதசுரம் வந்தது. பிறகு பக்திப் பாடல், செய்தி, விளம்பரம், உரை. சின்ன வயதில் இதே நேரத்துக்கு டெல்லியிலிருந்து 6.55-க்கு வருகிற சமஸ்கிருதச் செய்தி ஞாபகம் வந்தது. "இயம் ஆகாசவாணி, ஸம்ப்ரதி வார்த்தா: ச்ரூயந்தாம், ப்ரவாசக: பலதேவானந்த ஸாகர:" என்று எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரும் ஏற்ற இறக்கத்தோடு சொல்வோம். அதற்கு மேல் ஒரு சொல் புரியாது. எங்களுக்கு அது எழுந்திருக்க வேண்டிய மணி. 7.15 டெல்லித் தமிழ்ச் செய்தி, குளித்து முடித்திருக்க வேண்டிய மணி. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று கேட்கும்போது இன்னும் துண்டோடு நின்றால் முதுகில் ஒன்று விழும். அந்தக் கம்பீரமான குரலுக்கும் அடிக்கும் இருந்த தொடர்பால் வெகுகாலம் அவர் மேல் எனக்கு ஒரு பயம் இருந்தது.

இப்படி யோசித்துக்கொண்டிருந்ததில் இரண்டு நிகழ்ச்சிகள் போய்விட்டன. அதையும் நோட்டில் எழுதினேன். மத்தியானத்துக்குள் நோட்டு ஐந்து பக்கம் நிரம்பியிருந்தது. இப்போது எடுத்துப் படித்தால் யாரோ ஒரு சிடுமூஞ்சித் தணிக்கை அதிகாரி எழுதியது போல இருக்கிறது. 'உரை: பேராசிரியர் ஒருவர். எழுதி வைத்து வாசிக்கிறார். "எனவே" ஏழு முறை.' 'கச்சேரி: ஆலாபனை தொடங்குவதற்குள் கீர்த்தனை. அரை மணிக்குள் முடிக்க வேண்டிய அவசரம் தெரிகிறது.' 'அறிவிப்பாளர் மூச்சு வாங்குவது கேட்கிறது.' 'மறுபடியும் அதே விளம்பரம்.' ஒவ்வொன்றும் உண்மைதான். பதினொரு மணிக்குமேல் எனக்குத் தூக்கம் வந்தது, எரிச்சலும் வந்தது. எழுதிய உரையை வாசித்தால் உரைக்கிற மாதிரி இருக்காது என்று அந்தப் பேராசிரியருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நண்பன் ஜெயித்துவிட்டான் என்றே நினைத்தேன். இதை எவனால் முழு நாளும் கேட்க முடியும்? எவனும் கேட்டிருக்க மாட்டான்.

கோமாரி

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாளைப் பார்க்காமல் விடுப்பு எடுத்திருந்தேன். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கைபேசி 4 சதவீதத்தில் வந்து நின்றது. அலமாரியின் மேல்தட்டில் அப்பாவின் பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இருந்த பேட்டரியும் டார்ச்சில் இருந்ததும் ஒரே அளவாக இல்லாததால் கொஞ்ச நேரம் அல்லாடி, கடைசியில் தெருமுனைக் கடையில் இரண்டு கட்டை வாங்கி வந்து போட்டேன். மீடியம் வேவில் எங்கள் ஊர் நிலையம் 1197. முள்ளை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை, அப்பா கடைசியாக எங்கே வைத்தாரோ அங்கேயே இருந்தது. சத்தம் இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. சாதாரண நாளில் எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் சேர்ந்து மீடியம் வேவில் 'ங்ங்ங்' என்று ஒரு வண்டு மாதிரிக் குடைந்துகொண்டே இருக்கும். தெரு முழுக்க மின்சாரம் போனதில் அந்த வண்டு செத்துவிட்டது.

டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார ஒரு மாதிரியாக இருந்தது. அதைச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தேன். வைத்துவிட்டு நிற்பானேன் என்று சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். பரீட்சையை விட்டு எழுந்து வந்த நிம்மதி. யாரோ பாடினார்கள். யாரோ அறிவித்தார்கள். வெங்காயத்தின் வேரைக் கிள்ளி, தோலைப் பிரித்து, கண்ணைப் புறங்கையால் துடைத்து, அடுத்ததை எடுக்கும்போது விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் நேயர்களோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கோமாரி நோய். வாயிலும் குளம்பிலும் புண், எச்சில் ஒழுகும், தீனி எடுக்காது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி, நோய் வந்த மாட்டைத் தனியே கட்ட வேண்டும். என்னிடம் மாடு கிடையாது. எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

ஒருவர் பேசினார். வயதானவராக இருக்க வேண்டும். மாடு மூன்று நாளாக அசை போடவில்லை, நுரை தள்ளுகிறது என்றார். மருத்துவர் நடுவில் நிறுத்தி, "ஐயா, கன்னுக்குட்டி இருக்கா? இருந்தா தாய்கிட்ட பால் ஊட்ட விடாதீங்க" என்றார்.

எதிர்முனையில் சத்தமில்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். பின்னால் எங்கோ ஒரு கோழி கேறியது கேட்டதால் இணைப்பு இருக்கிறது என்று தெரிந்தது.

"கன்னு முந்தாநாளே போயிட்டுங்க."

மருத்துவர் உடனே எதுவும் சொல்லவில்லை. வானொலியில் மூன்று நொடி மௌனம் என்பது பெரிய தப்பு, அந்தத் தப்பை அவர் செய்தார். அப்புறம், "சரிங்கய்யா. இன்னும் எத்தனை உருப்படி இருக்கு உங்ககிட்ட?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நான் பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை நின்றுபோயிருந்தது. காலையில் ஐந்து பக்கம் எழுதிய எதற்கும் இப்படி நடக்கவில்லை. இந்த மனிதரின் குரல் ஒரு நிமிஷம் இருக்குமா? அதை நான் கேட்கவில்லை, அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. அது நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டது. காலையில் உட்கார்ந்த மாதிரியே இயர்போனோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். 'தொலைபேசி நேயர்: மூன்று நொடி மௌனம், வெட்டியிருக்கலாம்' என்று எழுதியிருப்பேன்.

அம்மாவின் சுளகு

கை நிற்பதை நான் முதலில் பார்த்தது அம்மாவிடம். வானொலி ஓடும் நேரமெல்லாம் அவள் கை எதிலாவது இருக்கும். ஆட்டுரலில், அரிவாள்மணையில், சுளகில். அவள் ரேடியோ கேட்கிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எந்த இடத்தில் அவள் கை நின்றதோ அதுதான் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த வானொலி. வயலும் வீடும் நெசவும் உள்ள ஒரு ஊரில், யாராவது பெண் சுளகைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தானாகப் பேச்சை நிறுத்துவார்கள். பாட்டு வரவேண்டிய நேரத்தில் சோகமாக வீணை வந்து, அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் யாரோ பெரிய தலை சாய்ந்துவிட்டது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் 24 அன்று காலையில் அப்படித்தான். மார்கழி மாதம், வாசலில் பெரிய கோலம். பாதிக் கம்பியை இழுத்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே கேட்ட வீணையில் அப்படியே நின்றாள். விரலிடுக்கிலிருந்து கோலப்பொடி ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

அவள் கை நிற்காத ஒரு சமயமும் உண்டு. அதை வெகுநாள் யாரிடமும் சொன்னதில்லை.

1998 என்று நினைக்கிறேன். வானொலி நாடகத்துக்குக் குரல் தேர்வில் தேறியிருந்தேன். பெரிய நடிகன் ஆகிவிட்ட நினைப்பு. ஒப்பந்தக் கடிதம் தபாலில் வந்ததும் தெருவே பார்க்கும்படி அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். நாடகத்தில் எனக்குத் தபால்காரர் வேஷம். மூன்று வசனம். முதல் வசனம் "சார், போஸ்ட்!" என்பது.

ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்தியதும் காதை யாரோ உள்ளங்கையால் பொத்தியது மாதிரி இருந்தது. சுவர் முழுக்க ஓட்டை போட்ட பலகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர். நாடகப் பிரதியின் ஊசியைக் கழற்றி ஒவ்வொரு தாளாகக் கொடுத்திருந்தார்கள். வாசித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவவிட வேண்டும். தாள் கொஞ்சம் சரசரத்தால் போதும், மைக்குக்கு அது தென்னந்தோப்பில் காற்று. எண்பது வயதுப் பாட்டியாக நடித்தவர் முப்பது வயதுப் பள்ளிக்கூட ஆசிரியை. சிவப்பு விளக்கு எரியும்வரை பக்கத்தில் இருந்தவரிடம் தன் பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்ததும் முகவாயை மார்பில் ஒட்டிக்கொண்டு ஒரு இருமல் இருமினார் பாருங்கள், நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

என் முறை வந்தது. சொன்னேன். ஒலிபெருக்கியில் தயாரிப்பாளர் குரல் வந்தது: "தம்பி, அந்தப் போஸ்ட்மேனுக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி இருக்கு. நீங்க என்னடான்னா டெல்லிச் செய்தி வாசிக்கிறீங்க." இரண்டாவது தடவையும் சரிவரவில்லை. பாட்டி வேஷக்கார அம்மா என் தோளைப் பிடித்து மைக்கிலிருந்து நாலடி பின்னால் தள்ளி நிறுத்தி, சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டார். "சுவத்துக்குச் சொல்லுங்க, மைக்குக்குச் சொல்லாதீங்க" என்றார். சுவரைப் பார்த்துக் கத்தினேன். அது சரியாகிவிட்டது.

ஒலிபரப்பு அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அம்மாவிடம் இரண்டு நாளாகச் சொல்லி வைத்திருந்தேன். அவள் சுளகில் முருங்கைக்கீரையைப் பரப்பி வைத்து உருவிக்கொண்டிருந்தாள். நாடகம் ஓடியது. பாட்டி இருமினார். மருமகள் அழுதாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, இதோ வரப்போகிறது. "சார், போஸ்ட்!"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எய்யா, வாசல்ல யாரோ கூப்பிடுதாங்க. இந்நேரத்துல என்ன போஸ்ட்டு? போய்ப் பாரு" என்றாள்.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. நாடகத்தின் முடிவில் நடித்தவர்கள் பெயரை வாசித்தார்கள். ஆறாவதாக என் பெயர் வந்தது. அங்கேதான் அம்மாவின் கை நின்றது. கையில் ஒரு காம்போடு வானொலிப் பெட்டியைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "நீ எப்பய்யா வந்த? நான் கேக்கவே இல்லையே" என்றாள். போஸ்ட் என்று கூப்பிட்டது நான்தான் என்று சொன்னேன். "அது நெசப் போஸ்ட்டுக்காரன் இல்லையா?" என்றாள். அதற்கப்புறம் நான் நாடகத்தில் நடிக்கவில்லை. அதற்கு இது காரணமில்லை, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டேன். ஆனால் பெற்ற தாய்க்கே என் குரல் தெரியவில்லையே என்ற வருத்தம் நெடுநாள் இருந்தது. அவள் சரியாகக் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வெங்காயத்தோடு நின்ற அன்றைக்குத்தான், அவள் கவனித்திருந்தால் கேட்டிருக்கக்கூடியது தன் பையன் தபால்காரராக நடிப்பதை, கவனிக்காததால் கேட்டது தபால்காரரை என்பது உறைத்தது.

அமைச்சரும் அப்பளமும்

சுதந்திரத்துக்குப் பிறகு வானொலியைப் பார்த்துக்கொண்ட அமைச்சர்களில் எல்லோரும் கேலி செய்கிற ஒருவர் பி.வி. கேஸ்கர். 1952-ல் வந்ததும் சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட அகற்றிவிட்டு, சாஸ்திரிய சங்கீதத்துக்கு நேரத்தை அள்ளிக் கொடுத்தார். தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியதும் அந்த வருஷம்தான். நல்ல சங்கீதத்தைப் போட்டால் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள் என்று அவர் நம்பினார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். எங்கள் தென்கோடியில் சென்னையைவிடக் கொழும்புதான் தெளிவாகக் கேட்கும் என்பதால் எங்களுக்கு அது கஷ்டமாகவே இல்லை. கடைசியில் 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதியைத் தொடங்கி சமாதானத்துக்கு வர வேண்டியதாயிற்று. நான் கேஸ்கரை முழுசாகத் திட்ட மாட்டேன். எத்தனையோ நாதசுரக்காரர்களுக்குக் கோயிலையும் கல்யாணத்தையும் தாண்டி ஒரு மேடையும் ஒரு காசோலையும் கிடைத்தது அந்தக் கொள்கையாலும்தான். ஆனால் அவருக்கும் அப்பளம் நொறுக்கிய என் நண்பனுக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. இரண்டு பேருக்கும் கேட்பது என்றால் வேறெதுவும் செய்யாமல் கேட்பது. ஒருவர் அப்படிக் கேட்க வைக்கப் பார்த்தார். இன்னொருவன் அப்படிக் கேட்காததால் கேட்கவே இல்லை என்கிறான்.

கேட்பதற்கென்றே போய்க் கேட்டவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது 1938 ஜூன் 16-ல். அதற்கு முன்பே, 1930 முதல் மாநகராட்சி தானே ஒலிபரப்பு நடத்தி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. வீட்டில் பெட்டி இல்லாத ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். அங்கேயும் எத்தனை பேர் மணலைக் கையால் அளைந்துகொண்டே கேட்டார்களோ என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சாயங்காலம் மின்சாரம் வந்ததும் வண்டும் உயிர்த்தெழுந்தது. டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பக்கவாட்டில் நிறுத்தி, குடைச்சல் குறைகிற ஒரு கோணத்தைக் கண்டுபிடித்தேன். இதுவும் அப்பாவிடம் பார்த்த வேலைதான். அவர் பெட்டியைத் திருப்புவார் அல்லது பெட்டியோடு தானே திரும்பி உட்கார்ந்துகொள்வார். கைபேசி சார்ஜ் ஏறியது, இயர்போனை மறுபடி எடுக்கத் தோன்றவில்லை. அன்று நாடகம் இல்லை. ராத்திரி வாய்ப்பாட்டு, பெயரைச் சரியாகக் கேட்கவில்லை. காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். தோடி ராகம் என்று ஒரு இடத்தில் தோன்றியது, ஒரு போர்வையின் நாலு முனையும் சேராத சிக்கலில் அது போய்விட்டது. பிறகு தனி ஆவர்த்தனத்தில் கடத்தின் சத்தம் மட்டும் சிறிது நேரம். கடைசித் துணியை மடித்து வைத்தபோதுதான் கச்சேரி முடிந்து வேறெதுவோ ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. நோட்டுப் புத்தகத்தில் மத்தியானத்துக்குப் பிறகு ஒரே ஒரு சொல் எழுதியிருந்தேன். அதன்மேல் வெங்காயச் சாறு பட்டு மை கலைந்திருந்தது.

மறுநாள் நண்பனைக் கூப்பிட்டேன். ஒரு நாள் முழுக்கக் கேட்டேன் என்றேன்.

"அப்படியா? என்ன கேட்ட, சொல்லு."

யோசித்தேன். உரை எதைப் பற்றி என்பது நினைவில்லை. கச்சேரியில் பாடியது யார் என்று தெரியாது. "கோமாரி" என்றேன்.

"மாட்டுக்கு வருமே, அதா? ஏல, உன்கிட்ட மாடு எங்க இருக்கு?"

மாடு இல்லை, சும்மாதான், என்று சொல்லி அந்தப் பெரியவர் பேசியதைச் சொன்னேன். கோழி கேறியதையும் சொன்னேன். அவன் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். போனில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, எதையோ கழுவிக்கொண்டே பேசுகிறான் போல. அந்தச் சத்தம் நின்றது.

"அப்புறம்? மிச்ச மாட்டுக்கு என்ன செய்யச் சொன்னாரு?" என்று கேட்டான்.